வயிற்றுச் சிரைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுநீரக தானம் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் கூடவே போட்டிருந்த படத்தைப் பார்த்தால் வயிற்றுக்குள் ரத்தக்குழாய்கள் எல்லோருக்கும் அச்சடித்த மாதிரி ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று தோன்றும். உடற்கூறியல் பாடம் நடத்துகிறவன் என்பதால் சொல்கிறேன், அப்படி இல்லை.

இடது சிறுநீரகத்திலிருந்து ரத்தத்தை இதயத்தை நோக்கித் திருப்பி எடுத்துவரும் குழாயை, அதாவது இடது சிறுநீரகச் சிரையையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக அது மகாதமனிக்கு (இதயத்திலிருந்து ரத்தத்தை எடுத்துச்செல்லும் பெரிய குழாய்) முன்பக்கமாகக் குறுக்கே வந்து, வலப்பக்கம் உள்ள கீழ்ப்பெருஞ்சிரையில் (உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய சிரை) சேரும். வலது சிரையைவிட நீளம் என்பதால்தான் தானம் கொடுப்பவரிடமிருந்து பெரும்பாலும் இடது சிறுநீரகத்தை எடுக்கிறார்கள். சிலருக்கு இந்தச் சிரை மகாதமனிக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் போகும். வேறு சிலருக்கு இரண்டாகப் பிரிந்து, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக மகாதமனியையே சுற்றிக்கொள்ளும். இதில்தான் ஆபத்து அதிகம் என்பேன், ஏனென்றால் முன்கிளை வழக்கமான இடத்திலேயே இருப்பதால் எல்லாம் சரி என்று நினைத்து, சற்றுக் கீழே இறங்கிப் பின்னால் போகும் கிளையைத் தேடாமலே விட்டுவிட வாய்ப்புண்டு; மகாதமனி வீக்கத்துக்கான அறுவையில் ரத்த ஓட்டத்தை நிறுத்தும் கிளாம்ப் (இடுக்கி) போடுவதற்காகப் பின்பக்கம் கருவியை நுழைத்தால் அது கிழிந்துவிடும், ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று சட்டென்று தெரியாது, மெல்லிய சுவர் என்பதால் தையல் போடுவதும் லேசில்லை.

கீழ்ப்பெருஞ்சிரையே இரண்டாக இருப்பவர்களும் உண்டு. அபூர்வம்தான், நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் போகாது. இடப்பக்கம் கூடுதலாக உள்ளதை ஸ்கேனில் வீங்கிய நிணநீர்க் கணு என்று தவறாகப் படித்துவிடலாம். அப்புறம், காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகாமல் தடுக்க வலப்பக்கத்தில் மட்டும் ஃபில்டர் வைத்தால், இடப்பக்க வழி திறந்தே கிடக்கும்.

இது நோய் இல்லை. கருவின் 6 முதல் 8 வாரங்களுக்குள் பல சிரைகள் தோன்றி, சில மறைந்து, மிச்சம் இருப்பவை ஒன்றுசேர்கின்றன. மறைய வேண்டியது மறையாமல் தங்கிவிட்டால் இப்படி ஆகும். பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இருக்காது.

தானம் கொடுப்பவர்களுக்கு ரத்தக்குழாய்களைத் தனியாக ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுகிறார்கள். என் கவலை மற்றவர்களைப் பற்றி. கல்லுக்கோ கட்டிக்கோ கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரிவதற்கான மருந்து) போட்டு சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது இந்த மாறுபாடு படத்தில் தெரியவே செய்யும், ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதி ரிப்போர்ட்டை முடித்துவிட்டால் அது யாருக்கும் பயன்படாது. கதிரியக்க மருத்துவர்கள் ஒரே ஒரு வரி சேர்த்து எழுதட்டும், நோயாளியிடமும் சொல்லட்டும். நோயாளிகளும் ரிப்போர்ட்டோடு பழைய ஸ்கேன் படங்களையும் பத்திரமாக வைத்திருந்து, பின்னாளில் வயிற்றில் எந்த அறுவை என்றாலும் அந்த மருத்துவரிடம் முன்கூட்டியே காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் உடற்கூறியல் ஆசிரியர்