ட்ரிங்கோமலி நீரிணை: ஊரின் பெயரா, கப்பலின் பெயரா?

கனடாவின் பிரித்தானியக் கொலம்பிய மாகாணப் புவியியல் பெயர் அலுவலகத்தாருக்கு,

வணக்கம். சோல்ட் ஸ்பிரிங், கலியானோ தீவுகளுக்கு நடுவிலுள்ள ட்ரிங்கோமலி நீரிணையைப் படத்தில் கண்டதும் தமிழருக்குத் திருகோணமலைதான் நினைவுக்கு வரும். ஆனால் ஊரின் பெயர் முதலில் போனது ஒரு கப்பலுக்கு. பிரித்தானியக் கடற்படைக்காக 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய ட்ரிங்கோமலி 1850களில் பசிபிக் அணியில் இருந்தது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

இக்கப்பல் 1857இல் நாடு திரும்பிவிட்டது. பிளம்பர் என்ற கடல் அளவைக் கப்பலில் வந்த கப்டன் ஜார்ஜ் ரிச்சர்ட்ஸ் இத்தீவுகளை அளந்து பெயரிட்டது அதன் பிறகே. ஆகவே “ட்ரிங்கோமலி அளந்த நீரிணை” என்று எழுதினால் தவறு. அதன் கப்டன் வாலஸ் ஹூஸ்டனின் முதற்பெயர் ஒரு தீவுக்கும், குடும்பப்பெயர் பக்கத்து நீர்வழிக்கும் போயின. ஆங்கிலத்தில் அந்தக் குடும்பப்பெயரின் கடைசிக்கு முந்தைய ‘யூ’வை விட்டுவிட்டால் டெக்சாஸின் ஹூஸ்டன் நகரத்தில் போய் நிற்போம்!

சோல்ட் ஸ்பிரிங் தீவின் கேஞ்சஸ் துறைமுகமும் இப்படித்தான்: கங்கை நதி, கப்பல், பிறகு துறைமுகம். அந்தக் கப்பலும் பம்பாயில் கட்டியது, அட்மிரல் பெயின்ஸின் கொடிக்கப்பல். அதன் கப்டன் ஃபுல்ஃபோர்டின் பெயரில் அதே தீவின் தெற்கே இன்னொரு துறைமுகம் உண்டு. பென்டர், மெய்ன் தீவுகள் பிளம்பரின் அதிகாரிகள் பெயரால் வந்தவை.

எல்லாக் கப்பலும் போர்க்கப்பல் அல்ல. வாலஸ் தீவின் பாந்தர் முனை, 1874இல் அங்கே தரைதட்டிய வணிகக் கப்பலின் பெயர். கடற்படைப் பட்டியலில் தேடினால் வேறொரு பாந்தர்தான் கிடைக்கும்.

எனவே ஒவ்வொரு பெயரின் தோற்றக் குறிப்பிலும் நான்கு விவரங்கள் தனித்தனியே இருக்கட்டும்: பெயர் வந்த வழி முழுவதும், கப்பல் அக்கடலில் பணியாற்றிய ஆண்டுகள், பெயர் முதலில் அச்சான வரைபடமும் ஆண்டும், பெயரிட்டபோது அதிகாரிக்கு இருந்த பதவி. கடைசியானது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் அளவையின்போது லெப்டினன்டாக இருந்த மெய்னைப் பிற்காலப் பதவியோடு ‘அட்மிரல்’ என்று எழுதினால், தேடுபவர் தவறான ஆண்டுகளின் ஆவணங்களைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

முதற்குடிகளின் பெயருக்கும் அதே பதிவில் இடம் வேண்டும். கப்பற்பெயர்களுக்கு முன்பே அந்தக் கரைகளுக்குப் பெயர் இருந்தது. 2010இல் குயின் சார்லட் தீவுகள் ஹைடா குவாய் ஆனதை வரவேற்கிறோம்; அந்தக் குயின் சார்லட்டும் 1787இல் வந்த டிக்சனின் வணிகக் கப்பல்தான். ஆனால் பெயர் மாறும்போது பழையதைத் தேடுசொல்லாக வைத்திருங்கள். பழைய கடல்வழிக் கையேடுகளிலும் கப்பற்சேத அறிக்கைகளிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
கடலோரப் பெயர்களை ஆராயும் தமிழர் சிலர்