சிறு மருத்துவமனை, ஸ்கேன் சென்டர், லேப் நடத்தும் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களே, வணக்கம்.

மருத்துவமனைகளின் கணினிகளையும் நெட்வொர்க்கையும் பராமரிக்கிறவர்கள் நாங்கள். பெரிய கார்ப்பரேட் மருத்துவமனைகளில் இந்த வேலைக்குத் தனித் துறையே உண்டு. உங்களிடம் இருப்பவரோ பில்லிங், பிரிண்டர், சிசிடிவி என எல்லாவற்றையும் ஒரே ஆளாகப் பார்க்கும் ஒரு தம்பி. அதனால்தான், கணினிகளுக்குள் புகுந்து ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் 'ரான்சம்வேர்' தாக்குதலைப் பற்றி உங்களுக்கே நேராக எழுதுகிறோம்.

"நம்ம ஆஸ்பத்திரியை எவன் தேடி வரப்போகிறான்?" என்கிறீர்கள். உண்மைதான், பெரும்பாலும் யாரும் தேடி வருவதில்லை. இணையத்தில் இருக்கும் முகவரிகளையெல்லாம் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் தட்டிப் பார்க்கின்றன. எது திறக்கிறதோ அதற்குள் நுழைகின்றன. உள்ளே இருப்பது நூறு படுக்கையா பத்துப் படுக்கையா என்பது பிறகுதான் அவற்றை ஏவியவர்களுக்கே தெரியும்.

அந்தக் கதவைப் பெரும்பாலும் திறந்து வைப்பது உங்கள் மென்பொருளை விற்றவர்தான். பழுது பார்க்க நேரில் வராமலிருக்க, ரவுட்டரில் 3389 போர்ட்டை (எண்ணிட்ட நெட்வொர்க் வாசலை) திறந்து, தொலைவிலிருந்தே கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் கொடுத்திருப்பார். அல்லது அதே வேலையைச் செய்யும் எனிடெஸ்க் செயலியில் நிரந்தரப் பாஸ்வேர்டு போட்டிருப்பார், அதுவும் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே பாஸ்வேர்டாக. வீட்டிலிருந்து சி.டி. ஸ்கேன் படம் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்டதற்காக, படங்களைச் சேமிக்கும் பேக்ஸ் சர்வரையே வெளியே திறந்து விட்டிருப்பார். அமெரிக்காவில் மருத்துவக் கட்டணப் பரிமாற்றத்தின் கணிசமான பகுதியைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனம் 2024 பிப்ரவரியில் முடங்கியதும் இப்படித்தான். ஓ.டி.பி. போன்ற இரண்டாம் சரிபார்ப்பு இல்லாத ஒரு ரிமோட் வாசல் வழியாக, திருடப்பட்ட பாஸ்வேர்டுடன் உள்ளே வந்தார்கள். நிறுவனம் 2.2 கோடி டாலர் கொடுத்தது.

ரவுட்டரில், வெளியே திறந்துவிட்ட வாசல்களின் பட்டியலான 'போர்ட் ஃபார்வர்டிங்' பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அங்கே ஒரு வரிகூட இருக்கக் கூடாது. 3389 மட்டுமல்ல, ஃபைல் பகிர்வுக்கான 445, டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்.க்யூ.எல். சர்வரின் 1433, ஸ்கேன் படங்களை அனுப்பும் டைகாமின் 104, 11112 எதுவும் வெளியே தெரியக் கூடாது. எண்ணை 33890 என்று மாற்றிவிட்டால் போதும் என்பார்கள். போதாது, தட்டிப் பார்க்கும் நிரல் எல்லா எண்களையும் பார்க்கும். படம் பார்க்க வி.பி.என். எனும் பூட்டிய தனி வழி, கூடவே ஓ.டி.பி. செயலி. வெண்டர் உள்ளே வரவேண்டுமானால் நீங்கள் அழைத்தபோது மட்டும் வரட்டும், வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள்.

அடுத்தது நெட்வொர்க்கைப் பிரிப்பது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸில் சர்வர்கள் முடங்கி, ஓ.பி. பதிவும் லேப் ரிப்போர்ட்டும் ஏறக்குறைய இரண்டு வாரம் கையால் எழுதப்பட்டன. பாதிக்கப்பட்டவை ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தரவு. நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. உங்களிடம் ரிசப்ஷன் கணினி, நோயாளிகளின் வைஃபை, சிசிடிவி, சி.டி. ஸ்கேன் இயந்திரத்தை இயக்கும் கன்சோல் கணினி எல்லாம் ஒரே சுவிட்சில்தானே இருக்கின்றன? கன்சோல் இன்னும் விண்டோஸ் 7-இல் ஓடலாம். கம்பெனி அனுமதியில்லாமல் அதை மாற்றவும் முடியாது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. நெட்வொர்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கத் தெரிந்த ஒரு மேனேஜ்டு சுவிட்ச் வாங்கி, கன்சோலைத் தனி வி-லானில், அதாவது தனிப் பகுதியில் வையுங்கள். பேக்ஸ் சர்வரோடு மட்டும் அது பேசட்டும், இணையம் வேண்டாம். மற்ற கணினிகளுக்கு அப்டேட் கட்டாயம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பில்லிங் கணினி, எல்லா அதிகாரமும் உள்ள 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கில்தான் ஓடும் என்று வெண்டர் சொன்னால், மென்பொருளைத் திருத்தச் சொல்லுங்கள்.

பேக்கப்பில்தான் அதிகம் ஏமாறுகிறோம். எப்போதும் சொருகியே கிடக்கும் யு.எஸ்.பி. டிஸ்க் பேக்கப் அல்ல. சர்வர் பூட்டப்படும்போது அதுவும் சேர்ந்து பூட்டப்படும். டி டிரைவில் எடுத்த நகலும் அப்படியே. கூகுள் டிரைவ் ஒத்திசைவு, பூட்டப்பட்ட ஃபைலைப் பொறுப்பாக மேலே ஏற்றி வைக்கும். விண்டோஸ் தானாக வைத்திருக்கும் பழைய நிழல் நகல்களை ரான்சம்வேர் நிரல்கள் முதல் வேலையாக அழித்துவிடும்.

இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று இங்கே, ஒன்று உங்கள் வீட்டு அலமாரியில். வாரம்தோறும் மாற்றுங்கள், நகல் எடுக்கும் நேரத்தில் மட்டும் சொருகுங்கள். இரண்டையும் பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்யுங்கள், தொலைந்த டிஸ்க்கும் ஒரு தரவுக் கசிவுதான். மூன்றாவது நகல் கிளவுடில், பழைய பதிப்புகளை அழிக்க முடியாத வகையில், மருத்துவமனைக் கணினி எதிலும் லாகின் செய்யாத கணக்கில் இருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் தரவு இருக்கும் எம்.டி.எஃப். ஃபைலை அப்படியே காப்பி செய்தால் அது திரும்பத் திறக்கும் என்று நம்ப முடியாது. முறையான பேக்கப் ஃபைல் எடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் அதை மீட்டு, போன வாரத்து நோயாளி ஒருவரின் பில்லும் லேப் முடிவும் வருகிறதா என்று பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்றும் குறித்து வையுங்கள்.

அத்தனை மணி நேரமும் காகிதத்தில் ஓட வேண்டும். ஓ.பி. சீட்டு, மருந்து சார்ட், லேப் ரிக்வெஸ்ட் படிவங்கள் ஒரு பெட்டியில் இருக்கட்டும். அவற்றுக்குத் தனி எண் வரிசை கொடுங்கள்; இல்லையென்றால் பிறகு கணினியில் ஏற்றும்போது இரண்டு நோயாளிகளுக்கு ஒரே எண் விழும். உள்நோயாளிகளின் பட்டியலை, ஒவ்வாமை, ஓடும் மருந்து விவரத்தோடு தினமும் இரண்டு வேளை அச்சிடுங்கள். முக்கிய லேப் முடிவைப் போனில் சொன்னால், கேட்டவர் திருப்பிச் சொல்லி உறுதி செய்யட்டும்.

திரையில் மிரட்டல் வந்துவிட்டால் லேன் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள். கணினியை அணைக்க வேண்டாம், நினைவகத்தில் உள்ள தடயங்கள் போய்விடும். ஃபார்மட்டும் வேண்டாம். பேக்கப் டிஸ்க்கைப் பதற்றத்தில் கொண்டுவந்து சொருகிவிடாதீர்கள். திரையைப் படம் எடுங்கள். ஆறு மணி நேரத்துக்குள், இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிப்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவின்படி கட்டாயம். இலவச எண் 1800-11-4949. யார் எப்போது நுழைந்தார், என்ன நடந்தது என்று கணினிகள் குறிக்கும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்வதும் அதே உத்தரவுதான். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் குறைபாட்டுக்கான உச்ச அபராதம் 250 கோடி ரூபாய்.

பணம் கொடுத்தால் முடிந்துவிடாதா? 2021 மே மாதம் அயர்லாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையை முடக்கிய கும்பல், சில நாட்களில் பூட்டுத் திறக்கும் சாவியை இலவசமாகவே கொடுத்தது. அப்படியும் எல்லாச் சர்வர்களையும் மீட்கச் செப்டம்பர் ஆனது.

அடுத்த ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்கும்போது இவற்றை எழுத்தில் சேருங்கள்: அழைப்பின்றி ரிமோட் நுழைவு இல்லை, வெண்டர் ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனி லாகின், வேலையை விட்டவருடையது அன்றே நீக்கப்படும், டேட்டாபேஸின் தலைமைக் கணக்கான 'எஸ்.ஏ.' பாஸ்வேர்டு உங்களிடமும் உறையில் இருக்கும். ஆண்டுக்கு நான்கு மீட்புச் சோதனை விலையிலேயே அடக்கம். கையெழுத்துப் போட மறுக்கும் வெண்டரை மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவமனைக் கணினி, நெட்வொர்க் பராமரிப்பாளர்கள்