மக்காச்சோளப் படைப்புழு: ஞாயிறு காலை வயல் பார்வை

அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு வயல்களில் குருத்துக்குள் படைப்புழு தென்பட்டிருக்கிறது. வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு எல்லோரும் அவரவர் வயலை ஒரே நேரத்தில் பார்த்துவிடுவோம். வெயில் ஏறினால் புழு குருத்துக்குள் இறங்கிவிடும், அப்புறம் தேடுவது சிரமம்.

1. வயலில் 5 இடங்களில் 10 செடிகள் வீதம் பாருங்கள். ஓரத்தில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம்.

2. இலையில் வரிசையாக ஓட்டைகள், குருத்தில் மரத்தூள் போல எச்சம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், பிரித்துப் பாருங்கள். புழுவின் தலையில் தலைகீழ் 'ஒய்' போன்ற வெளிர்கோடு இருக்கும். வால் பக்கம் 4 கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். போன முறை வேறு புழுவைப் பார்த்துவிட்டு மருந்தடித்தவர்கள் உண்டு (நானும்தான்!). அதனால் இந்த இரண்டு அடையாளமும் முக்கியம்.

3. இலையில் பஞ்சு மூடியதுபோல் முட்டைக் குவியல் இருந்தால் அங்கேயே நசுக்கிவிடுங்கள். ஒரு குவியலில் 100 முதல் 200 முட்டைகள் வரை இருக்கும்.

4. இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியைப் பிடிப்பது) வைத்திருப்பவர்கள் அதில் விழுந்த அந்துப்பூச்சிகளை, அதாவது படைப்புழு வளர்ந்து ஆகும் பூச்சிகளை, எண்ணிச் சொல்லுங்கள்.

5. கணக்கு வரும் வரை யாரும் மருந்தடிக்க வேண்டாம். புழு பெரிதாகிக் குருத்தின் அடியில் போய்விட்டால் மருந்து எட்டாது, காசுதான் வீண். அடிக்க வேண்டி வந்தால் மாலையில், குருத்துக்குள் இறங்கும்படி அடிக்கலாம்.

50 செடிகளில் எத்தனையில் சேதம் என்பதை ஞாயிறு 10 மணிக்குள் இங்கே பதிவிடுங்கள், குருத்தின் படத்தோடு. ஒன்றும் இல்லையென்றால் '0' என்றாவது போடுங்கள். வர முடியாதவர்கள் இன்றே சொன்னால் பக்கத்து வயல்காரரைப் பார்க்கச் சொல்கிறேன்.