விழுந்ததை ஏன் கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாக எங்கள் படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: "கடந்த 12 மாதங்களில் எப்போதாவது கீழே விழுந்தீர்களா?" பாதிப் பேர் அதை நிரப்பாமலே தந்துவிடுகிறார்கள். ஒரு பெரியவர் நேரடியாகவே கேட்டுவிட்டார்: "காது மெஷினுக்குத்தானே வந்தேன், கால் தடுக்கினதை எதுக்குக் கேக்குறீங்க?" நியாயமான கேள்விதான். அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறோம்.

உள்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் பகுதிதான் ஒலியைக் கேட்கிறது. அதை ஒட்டியே, உடம்பின் சமநிலையைக் கவனிக்கும் மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சின்னப் பைகளும் உண்டு. தலையைத் திருப்பினால் குழாய்களில் உள்ள திரவம் சற்றுப் பின்தங்கும். தலை எந்தப் பக்கம் திரும்பியது என்பது மூளைக்குத் தெரிந்துவிடும். பைகளில் கால்சியம் கார்பனேட் துகள்கள் இருக்கின்றன. தலை சாய்வதை அவை சொல்லும். கேட்கும் பகுதிக்கும் சமநிலைப் பகுதிக்கும் திரவம் ஒன்று, செய்தி கொண்டுபோகும் எட்டாவது கபால நரம்பும் ஒன்று. ஒண்டுக்குடித்தனம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காது மந்தத்தோடு சேர்ந்து வரும் தலைசுற்றலுக்கு உள்காதே காரணமாக இருக்கலாம் என்று பிரெஞ்சு மருத்துவர் புரோஸ்பர் மெனியே 1861-ல் சொன்னார். அதுவரை பழியெல்லாம் மூளைமேல்தான்.

அதற்காக, காது கேட்காத எல்லோருக்கும் சமநிலை உறுப்பும் கெட்டிருக்கும் என்று நினைக்க வேண்டாம். அது நன்றாக இருந்தாலும் தடுமாற்றம் வர வழி இருக்கிறது. நம் காலடிச் சத்தம், மின்விசிறியின் இரைச்சல், பின்னால் வரும் வண்டி எல்லாம் நாம் எங்கே நிற்கிறோம் என்பதை நமக்குத் தெரியாமலே சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவை மங்கினால் ஒரு பிடிமானம் குறைகிறது. அப்புறம் கவனம். பக்கத்தில் நடப்பவர் பேசுவதைப் புரிந்துகொள்ளவே மூளை திணறும்போது, அடுத்த படி எங்கே என்று பார்க்க அதனிடம் மிச்சம் இருக்காது. நடந்துகொண்டே பேசும் வயதானவர் பதில் சொல்ல மட்டும் நின்றுவிடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? விழும் அபாயத்துக்கு அது ஒரு அறிகுறி என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

ஃபிராங்க் லின், லூயிஜி ஃபெருச்சி என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 40 முதல் 69 வயது வரையான 2,017 பேரின் தரவுகளைப் பார்த்து 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 25 டெசிபல் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு, விழுந்திருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. 25 டெசிபல் என்பது லேசான குறைபாடுதான். "எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்று சொல்லும் பலருடைய ஆடியோகிராம் (கேட்கும் திறனைச் சோதித்து வரையும் வரைபடம்) அங்கேதான் இருக்கும். இந்த ஆய்வு காட்டுவது தொடர்பை மட்டுமே. காது மந்தத்தால்தான் விழுந்தார்கள் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

சரி, மெஷின் போட்டால் விழாமல் இருக்கலாமா? அப்படிச் சொல்லி நாங்கள் விற்க மாட்டோம். சுற்றியுள்ள சத்தத்தைத் திரும்பக் கொடுக்கும், கேட்பதற்கான சிரமத்தைக் குறைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அதுவும் மேஜை டிராயரில் கிடந்தால் நடக்காது. இரண்டு காதுக்கும் வாங்கிவிட்டு ஒன்றை மட்டும் மாட்டிக்கொள்பவர்களுக்குச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது சரியாகப் பிடிபடாது.

எங்களுக்கு உண்மையான கவலை இரவைப் பற்றித்தான். படுக்கும்போது மெஷினைக் கழற்றிவிடுகிறீர்கள், கண்ணாடியையும் கழற்றிவிடுகிறீர்கள், விளக்கும் இல்லை. உடம்பை நேராக நிறுத்துவது கண், பாதமும் மூட்டுகளும், உள்காது ஆகிய மூன்றும் சேர்ந்துதான். பாதி ராத்திரியில் கழிப்பறைக்கு எழும்போது கண்ணும் கைவிட்டுவிடுகிறது. வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். எழுந்ததும் கட்டிலில் சற்று உட்கார்ந்துவிட்டு நடங்கள்.

"மெஷின் போட்டதிலிருந்து தலை சுத்துது" என்று வருபவர்களிடம், எப்போது சுற்றுகிறது என்று முதலில் கேட்போம். படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுற்றினால், மேலே சொன்ன துகள்கள் இடம் மாறிக் குழாய்க்குள் போயிருக்கக்கூடும். காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைச் சில நிலைகளில் வரிசையாகத் திருப்பியே பெரும்பாலும் அதைச் சரிசெய்துவிடுவார். வீடியோ பார்த்து நீங்களாகச் செய்ய வேண்டாம், கழுத்து வலி உள்ளவர்கள் கண்டிப்பாக வேண்டாம்.

தூக்க மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும்கூடச் சிலருக்குத் தள்ளாட்டம் தரும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறோம். ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால், மெஷின் கோளாறு என்று பேட்டரி மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்; அன்றே மருத்துவரைப் பாருங்கள். தலைசுற்றலோடு பேச்சுக் குழறல், முகக் கோணல், கை கால் பலவீனம் எது சேர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், எங்களிடம் வர வேண்டாம்.

அடுத்த முறை படிவத்தில் அந்தக் கேள்விக்கும் பதில் எழுதுங்கள். அடிபடாமல் விழுந்திருந்தாலும் எழுதலாம்.

அன்புடன்,
உங்கள் காது கேட்கும் கருவி நிலையத்தார்