ஒரே ஒரு ‘பா’

அன்புள்ள குண்டூசிக்கு,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டவேண்டியதை மனதுக்குள் திட்டி முடித்துவிட்டு மேலே படி. உன் அண்ணன் மகனுக்குப் பல் முளைத்த படம் வந்தது. ஒட்டடைக்குச்சி மறுபடியும் வேலையை விட்ட செய்தியும் வந்தது (இது எத்தனையாவது?). அம்மாவுக்கு இப்போது பரவாயில்லை. தூக்கத்தைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. சரி, குடும்பச் செய்தி முடிந்தது.

ஸ்பானிஷ் படிக்கிறேன் என்று போன கடிதத்தில் நிறையப் பீற்றிக்கொண்டேன் இல்லையா? ஆரம்ப வகுப்பு முடித்து இடைநிலைக்கு வந்துவிட்டேன், வார்டில் ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்த நோயாளிகளிடம் பேசுகிறேன், இன்னும் என்னென்னவோ. அதைத் திரும்பப் படிக்காதே. கிழித்துப்போடு.

பீற்றிக்கொள்ளக் காரணமும் இருந்தது. ஸ்பானிஷில் ‘தலை வலிக்கிறது’ என்பதற்கு ‘மே துவேலே லா கபேஸா’ என்பார்கள். வலிப்பது தலை, வலி ‘எனக்கு’. அப்படியே நம் ‘எனக்குத் தலை வலிக்கிறது’தான். கூடப் படிக்கிறவர்கள், எழுவாய் எங்கே போனது என்று இரண்டு வாரம் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு நிமிடத்தில் தாண்டிவிட்டேன். ‘பிடிக்கும்’ என்பதற்கும் அதே கதைதான், ‘மே குஸ்தா’, எனக்குப் பிடிக்கும். மரியாதைக்கு ‘உஸ்தெத்’, உரிமைக்கு ‘தூ’. நீங்களும் நீயும் தெரிந்தவளுக்கு இதெல்லாம் ஒரு பாடமா? ‘ஒன்றுமில்லை’ என்பதற்கு ‘நாதா’. பக்திப் படத்தில் கதாநாயகி உருகிக் கூப்பிடுவாளே, உச்சரிப்பு கிட்டத்தட்ட அதேதான். நீரிழிவு இருப்பவர் ‘தெங்கோ அஸூகார்’ என்பார், சர்க்கரை இருக்கிறது என்று. அதை முதல்முறை கேட்டபோது உன் பெரியப்பா குரலே காதில் விழுந்தது.

அப்புறம் இந்த ஞ. ‘ஆஞோ’ என்றால் ஆண்டு, ‘ஆனோ’ என்றால் ஆசனவாய். உங்களுக்கு எத்தனை வயது என்று கேட்கப் போய், என் வகுப்புத் தோழன் ஒருவன் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டான். ஞ இருக்கிற மொழியில் பிறந்தவள் அந்தத் தப்பைச் செய்வேனா? அந்த வாரம் முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

இனிமேல்தான் விஷயம்.

போன மாதம் ஒரு பாட்டி வந்தார். இரத்த அழுத்தம் 188க்கு 104. தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டால் சில நேரம் காத்திருக்க வேண்டும். வெளியே கூட்டம். எனக்கு மேலே இருந்த ரெசிடென்ட் (பயிற்சியில் இருக்கும் டாக்டர்) கடிகாரத்தைப் பார்த்தார். “நானே பேசிவிடுகிறேன்” என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னதுதான்.

உட்கார்ந்து, வணக்கம் சொல்லி, வலி உண்டா, மூச்சு வாங்குகிறதா என்றெல்லாம் வரிசையாகக் கேட்டேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு அழகாகப் பேசுகிறாய் என்றார். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். “தொமாபா உனா பஸ்தீயா பாரா லா ப்ரெஸியோன்” என்றார். பஸ்தீயா என்றால் மாத்திரை, ப்ரெஸியோன் என்றால் பிரஷர். இரண்டும் காதில் விழுந்தன. பழைய குறிப்பிலும் லிஸினோப்ரில் என்று ஒரு பிரஷர் மாத்திரை இருந்தது. ‘தினமும் சாப்பிடுகிறார்’ என்று எழுதிக்கொண்டு வெளியே வந்தேன்.

மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் இறங்கவில்லை என்றால் இரண்டாவது மருந்தைச் சேர்க்க வேண்டியதுதானே? ரெசிடென்ட் அதையே சொன்னார். சீட்டு எழுதும் நேரத்தில் பெரிய டாக்டர் வந்தார். மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று.

ஏழு வாரம் ஆயிற்றாம். வறட்டு இருமல் வந்து ராத்திரி தூக்கம் போனதால் அவராகவே நிறுத்தியிருக்கிறார். லிஸினோப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும் என்பது பரீட்சைக்குத் தவறாமல் வருகிற கேள்வி. எனக்கு அதில் முழு மதிப்பெண் வேறு. மருந்தை லோசார்டனுக்கு மாற்றினார்கள், முடிந்தது.

‘தோமோ’ என்றால் சாப்பிடுகிறேன். ‘தொமாபா’ என்றால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாட்டி எதையும் மறைக்கவில்லை, தெளிவாகத்தான் சொன்னார். நம் ஊர்ப் பாட்டி ஒருத்தி “பிரஷருக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டுட்டிருந்தேன்” என்றால் நானும் நீயும் அடுத்த நொடியே “ஏன், இப்போ சாப்பிடலையா?” என்று கேட்டிருப்போம். இங்கே அந்த ஒரு ‘பா’ என் காதில் ஏறவில்லை. இந்த ‘பா’வை நான் மூன்று வாரம் படித்திருக்கிறேன், குண்டூசி. நடந்து முடிந்த செயலுக்கு ஒரு விகுதி, வழக்கமாக நடந்ததற்கும் நடந்துகொண்டிருந்ததற்கும் இன்னொரு விகுதி என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். சுவரில் இருந்தது, காதில் இல்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் ஒரு பழைய வழக்கைப் பற்றிப் படித்தேன். 1980, ஃப்ளோரிடா. 18 வயதுப் பையனை மயங்கிய நிலையில் கொண்டுவருகிறார்கள். குடும்பத்தார் ‘இந்தோக்ஸிகாதோ’ என்கிறார்கள். சாப்பிட்டது ஏதோ உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் பொருள். மருத்துவர்கள் காதில் அது ஆங்கில ‘இன்டாக்ஸிகேட்டட்’ மாதிரி, போதை என்று விழுந்தது. போதை மருந்து அளவு மீறியதற்கான வைத்தியம் நடந்தது. உண்மையில் மூளையில் இரத்தக் கசிவு. பையனுக்குக் கை கால் நான்கும் செயலிழந்தன. சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீடு என்று முடிந்தது. அந்தச் சொல் தெரியாதவராக இருந்திருந்தால் அந்த மருத்துவர் “அப்படியென்றால் என்ன?” என்று கேட்டிருப்பார். தெரிந்த சொல் மாதிரி இருந்ததால் கேட்கவில்லை.

ஆரம்ப வகுப்பில் இருந்தபோது என்னால் யாருக்கும் ஆபத்தில்லை. வணக்கம் சொல்லிவிட்டு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவேன். இடைநிலைதான் கெட்ட இடம். கேள்வி சுத்தமாக வரும், அதைக் கேட்டு அவர்கள் தாராளமாகப் பதில் சொல்வார்கள், பதிலில் பாதி எனக்குப் புரியாது, புரியவில்லை என்பதும் புரியாது. அரை வைத்தியமும் அரை ஸ்பானிஷும் சேர்ந்தால் ஒன்று என்று கணக்குப் போட்டிருந்தேன். பெருக்க வேண்டுமாம். கால்தான் வருகிறது. நம் கணக்கு டீச்சரிடம் சொல்லிவிடாதே.

இப்போதெல்லாம் விவரம் கேட்க வேண்டுமென்றால் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர்தான், எவ்வளவு நேரம் ஆனாலும். என் ஸ்பானிஷ் நலம் விசாரிக்க, ஆடையைத் தளர்த்தச் சொல்ல, மூச்சை இழுத்துவிடச் சொல்ல. மற்ற நேரம் வாயை மூடிக்கொண்டு இரண்டு பக்கமும் கேட்கிறேன். வகுப்பைவிட அதில் அதிகம் ஏறுகிறது, காசும் கிடையாது. கடைசியில், எந்த மாத்திரையை எப்போது சாப்பிடப் போகிறீர்கள் என்று அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்வேன். வகுப்பில் இப்போது ‘எஸ்பேரோ கே செ மெஹோரே’ ரகம், குணமாகட்டும் என்கிற மாதிரி. நம் வியங்கோள்தானே என்று முதல் நாள் சிரித்தேன். இரண்டாம் நாள் ஆசை, சந்தேகம், பயம், எல்லாவற்றுக்கும் அதே வடிவம் என்றார்கள். சிரிப்பு நின்றது.

பாட்டி மறுபடி வந்தார். இருமல் போய்விட்டது, அழுத்தம் 142க்கு 86. நான் தொலைபேசியை எடுத்ததும் முகம் சுருங்கிவிட்டது. நீதான் அழகாகப் பேசுகிறாயே, இந்தப் பெட்டி எதற்கு என்றார். இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். விகுதி சரியாகத்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். தமிழ் தெரியாத அந்த டாக்டரிடம் உன் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனோமே, நீயும் நானும் பத்தாவது படிக்கும்போது. அத்தை ‘மயக்கமா வருது’ என்றார், நாம் மயங்கி விழுகிறார் என்று சொல்லிவிட்டோம். எத்தனை வருடம் அதைச் சொல்லிச் சிரித்தோம்! ஸ்பானிஷிலும் ‘மரேயோ’ என்று ஒரு சொல். தலைசுற்றல், கிறுகிறுப்பு, குமட்டல் எல்லாம் அதில் அடக்கம். அதைக் கேட்கும்போதெல்லாம் அத்தை ஞாபகம் வருகிறது. அன்று அவருக்குத் தலை சுற்றியதா, கண் இருட்டியதா, இல்லை வெறும் குமட்டலா? நாம் கேட்கவே இல்லை. இப்போது கேட்டு எழுது. அந்த டாக்டர் என்ன மாத்திரை கொடுத்தார் என்றும், எத்தனை நாள் சாப்பிட்டார் என்றும் கேள்.

உன்
அணில்