கூட்டம் முடிந்த மறுநாள் தொடங்கும் வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தென்மாவட்டங்களில் நற்செய்திக் கூட்டங்கள் என்றால் பள்ளி மைதானத்தில் பந்தல், ஒலிபெருக்கி, வெளியூர்ப் பிரசங்கியார், கடைசி இரவில் இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்களைக் கை உயர்த்தச் சொல்லும் அழைப்பு என்று ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. இவற்றைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவர்கள் ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பற்றியோ மதமாற்றத்தைப் பற்றியோதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். இரண்டும் பேசவேண்டியவையே. ஆனால் சபைக்குள் இருக்கிறவர்கள் பேசவேண்டிய காரியம் வேறொன்று இருக்கிறது. கை உயர்த்தியவரின் வீட்டுக் கதவை மறுநாள் யார் தட்டுவது? பந்தல்காரர், மின்சாரம், சாப்பாடு, வாகனம் என்று எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் போடுகிற கமிட்டி, இதற்கு மட்டும் ஆள் போடுவதில்லை.

மத்தேயு 28-ஆம் அதிகாரத்தின் முடிவில் உள்ள கட்டளை, சகல ஜாதிகளையும், அதாவது எல்லா இன மக்களையும், சீஷராக்கச் சொல்கிறது. தாம் கட்டளையிட்ட யாவையும் அவர்கள் கைக்கொள்ளும்படி உபதேசிக்கவும் சொல்கிறது. இதற்கு மூன்று இரவுக் கூட்டம் போதாது. மாற்கு 3:14-இல் இயேசு பன்னிருவரைத் தெரிந்துகொண்டதற்குச் சொல்லப்படும் முதல் காரணம் அவர்கள் தம்மோடு இருக்க வேண்டும் என்பது. பிரசங்கிக்க அனுப்புவது அதற்குப் பிறகே வருகிறது. சபைகள் இந்த வரிசையை மாற்றி, கூட இருந்து பழகாதவர் கையில் நற்செய்தித் துண்டுப் பிரசுரங்களான கைப்பிரதிகளின் கட்டைக் கொடுத்துப் பேருந்து நிலையத்துக்கு அனுப்புகின்றன.

கைப்பிரதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஜன்னல் வழியே நீட்டப்படும் பிரதியில் பெரும்பாலும் அச்சகத்தின் பெயர் இருக்கும், பேசக்கூடிய ஒரு மனிதரின் எண் இருக்காது. எண் இருந்தாலும் பழையதாக இருக்கும். கை உயர்த்தியவர்களிடம் பெயரும் முகவரியும் நிரப்பி வாங்கும் தீர்மான அட்டைகளிலும் இதே குறைதான். தெருப் பெயர் இல்லாத முகவரி, ஓர் இலக்கம் குறைந்த கைபேசி எண், ஏற்கெனவே சபையில் உள்ளவர்களே மறுபடி எழுதிக்கொடுத்த அட்டைகள். எந்தச் சபை யாரைப் பார்ப்பது என்ற இழுபறியில் இரண்டு வாரம் ஓடினால், எழுதிக்கொடுத்தவர் அந்த இரவையே மறக்கத் தொடங்கிவிடுவார். அட்டையை வாங்கும் இடத்திலேயே வாசித்துச் சரிபார்த்து, அருகிலுள்ள சபை எது, போகப்போவது யார் என்று அதிலேயே எழுதி, இரண்டு நாளுக்குள் போய்விட வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் அந்த அழைப்பைக் கொடுக்காமல் இருப்பதே நேர்மை.

முதல் சந்திப்புக்கு இருவராகப் போகவேண்டும். இயேசு தம் சீஷர்களை இருவர் இருவராகத்தான் அனுப்பினார். பெண் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஆண்கள் மட்டும் போகக்கூடாது. இரவு எட்டு மணிக்கு மேல் போகக்கூடாது. வீட்டுப் பெரியவரிடம் முதலில் வணக்கம் சொல்லி, யார் என்று சொல்லி, வந்த காரணத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். இருபது நிமிடம் போதும். அதில் பதினைந்து நிமிடம் அவர் பேச விட்டுவிடுங்கள். அந்த வீட்டின் தெய்வப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவேண்டாம். ஜெபிக்கலாமா என்று கேட்டு, சரி என்றால் மட்டும், வீட்டில் பேசுகிற சத்தத்தில் சுருக்கமாக ஜெபியுங்கள். மறுபடி எப்போது வரலாம் என்று கேட்டுவிட்டு எழுந்துவிடலாம். வரவேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். 1 பேதுரு 3:15 நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்லும்போது, சாந்தத்தையும் வணக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது.

அதன் பிறகு வருவதுதான் நீண்ட வேலை. கற்றுக்கொடுப்பவர் ஒருவர், கற்பவர் மூவர் அல்லது நால்வர். அதற்கு மேல் போனால் அது வகுப்பாகிவிடும், ஒருவர் பேச மற்றவர்கள் தலையாட்டுவார்கள். வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், முடிந்தால் கற்பவர்களில் ஒருவர் வீட்டிலேயே. முதல் நூலாக மாற்கு நற்செய்தியை எடுத்துக்கொள்வது நல்லது. சிறியது, பதினாறே அதிகாரம், சம்பவங்கள் வேகமாக நகரும். வாரம் ஓர் அதிகாரம் என்றால் அறுவடை, திருவிழா, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் விடுமுறை விட்டும் ஐந்து மாதத்தில் முடியும். ஒவ்வோர் அதிகாரத்திலும் மூன்று கேள்விகள் போதும்: இயேசுவைப் பற்றி இங்கே என்ன தெரிகிறது, மனிதரைப் பற்றி என்ன தெரிகிறது, இந்த வாரம் நான் என்ன செய்யப்போகிறேன்? மூன்றாவது கேள்விக்கு ‘இன்னும் நன்றாக ஜெபிப்பேன்’ போன்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ‘அண்ணனோடு பேசாமல் இருக்கிறேன், சனிக்கிழமை போய்ப் பார்ப்பேன்’ என்பது பதில். அடுத்த வாரம் முதல் வேலையாக அதைக் கேட்கவேண்டும். கேட்கத் தவறினால் நான்காவது வாரத்தில் எல்லோரும் வசனத்தை மட்டும் வாசித்துவிட்டுக் கலைவார்கள்.

புதிதாக வாசிப்பவருக்கு வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பின் நடை தடுக்கும். பரம்பரைக் கிறிஸ்தவர்களின் காதில் அது இனிக்கும், ஆனால் சபைக்கு வெளியே வளர்ந்தவர் ஒரு பக்கத்தில் பத்து இடத்தில் நிற்பார். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை குறையும். எழுத்து தெரியாதவரோடு உட்காரும்போது புத்தகத்தை மூடிவிட்டு, ஓர் உவமையை வாய்மொழியாகச் சொல்லவேண்டும். பிறகு அவரையே திரும்பச் சொல்லச் சொல்லவேண்டும். தவறு வந்தால் திருத்தாமல் ‘அந்த இடத்தில் என்ன நடந்தது?’ என்று கேட்டால் அவரே பிடித்துவிடுவார். இப்படிக் கற்ற பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்கு அதை அப்படியே சொல்லிக்கொடுப்பார்கள். படித்தவரின் குறிப்பேட்டில் இருப்பதைவிட அது அதிக தூரம் போகும்.

ஞானஸ்நானத்துக்கு அவசரம் வேண்டாம். ஆதித் திருச்சபையில் மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஓர் ஒழுங்கு நூல் மூன்று ஆண்டுப் பயிற்சியைக் குறிப்பிடுகிறது. ஆண்டுக் கணக்கில் குறைந்தாலும் பயிற்சி வேண்டும் என்பதில் தரங்கம்பாடி மிஷன் தெளிவாக இருந்தது. 1706 ஜூலையில் அங்கே வந்திறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்து எழுதிப் பழகினார். அங்கே முதல் ஐந்து பேர் ஞானஸ்நானம் பெற்றது 1707 மே மாதம், கற்பித்த பிறகே. கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம் ஆகிய மூன்றும் மனப்பாடமாகத் தெரிவது மட்டுமல்ல, தன் சொந்த வார்த்தையில் விளக்கவும் வரவேண்டும். பட்டியலில் எண்ணிக்கை காட்டுவதற்காக மூன்று வாரத்தில் தண்ணீருக்குள் இறக்குகிறவர்கள், ஆறாவது மாதம் அந்த மனிதர் எங்கே என்று கேட்டால் பதில் இல்லாமல் நிற்பார்கள்.

குலைவது எங்கே என்பதையும் வெளிப்படையாகப் பேசவேண்டும். முதலாவது, வாக்குறுதி. கடன் தீரும், வேலை கிடைக்கும், சர்க்கரை நோய் போகும் என்று சொல்லி அழைத்தால், அவை நடக்காத அன்று அவர் போய்விடுவார். போகும்போது ‘உன் விசுவாசம் குறைவு’ என்ற பழியையும் சுமந்துகொண்டு போவார். மருந்தை நிறுத்தச் சொல்வது இதைவிடக் கொடியது. காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பணியாத நிலைக்குப் போகலாம். வலிப்புக்கும் மனநோய்க்கும் எடுக்கும் மருந்தைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. நோயாளிக்காக ஜெபிக்கிறவர், அவர் மாத்திரை போட்டாரா என்றும் கேட்கவேண்டும்.

இரண்டாவது, குடும்பம். புதிதாக விசுவாசித்தவரைச் சொந்த வீட்டிலிருந்து பிரித்தெடுத்துச் சபைக்குள் வைத்துக்கொள்வதை வெற்றியாக நினைப்பவர்கள் உண்டு. அது தோல்வி. தங்கை கல்யாணத்தில் பந்தி பரிமாறலாம். துக்க வீட்டில் முதல் ஆளாக நிற்கலாம். தாயின் மருத்துவச் செலவில் தன் பங்கைக் கொடுக்கவேண்டும். படையல் சாப்பாடு பற்றிய கேள்வி நிச்சயம் வரும். 1 கொரிந்தியர் 10-ஆம் அதிகாரம் அதற்கு நுணுக்கமாகவே வழி சொல்கிறது: விருந்துக்கு அழைத்தால் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடு, படைக்கப்பட்டது என்று ஒருவர் சுட்டிக்காட்டினால் அவர் மனச்சாட்சியின் நிமித்தம் தவிர்த்துக்கொள். இதைக் கூட உட்கார்ந்து வாசிக்காமல் ‘தொடாதே’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால், வீட்டில் சண்டைதான் நடக்கும். அந்த வீட்டில் அதன்பின் நற்செய்தி பேச யாருக்கும் வாய் இருக்காது.

மூன்றாவது, கைபேசி. புதியவரின் சாட்சியைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் போடுவதை உடனே நிறுத்தவேண்டும். அவர் தன் அப்பாவிடம் சொல்வதற்கு முன்பே பக்கத்து ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. பிள்ளைகள் காரியத்தில் இன்னும் கவனம் வேண்டும். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வேறு மதத்து வீட்டுப் பிள்ளை வந்தால், பெற்றோரிடம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்று நேரில் சொல்லி அனுமதி வாங்கியாகவேண்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசமைப்பின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்புவது என்றால் தன் சமயக் கொள்கையை விளக்கிச் சொல்வது, இன்னொருவரை மதம் மாற்றுவதற்கான உரிமை அதில் இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆகவே சொல்வது நம் உரிமை, தீர்மானிப்பது கேட்பவரின் உரிமை. நற்செய்தியின் இயல்பும் அதுவே. பணமோ பொருளோ இடையில் வந்தால் சட்டத்துக்கு முன்பே அந்தத் தீர்மானம் பொய்யாகிவிடுகிறது.

பலர் சொல்லாமல் விடும் ஒன்றையும் இங்கே எழுதியாகவேண்டும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் பெரும்பாலும் இந்துக்களுக்கே இருந்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழகத்தில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவர் கேட்ட பட்டியல் சாதிச் சான்றிதழை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. மதம் மாறினாலும் சாதித் தெரு மாறாத நாட்டில் இந்த ஆணை அநீதி என்பதே என் உறுதியான எண்ணம். ஆனாலும் அது மாறும்வரை, ஒரு தலித் இளைஞரிடம் கல்லூரி இடமும் அரசு வேலையும் எப்படிப் பாதிக்கப்படும் என்பதை ஞானஸ்நானத்துக்கு முன்பே சொல்லாமல் இருப்பது ஏமாற்று. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று சொன்னவர் இயேசு. அந்தக் கணக்குத் தாளை மறைக்க நமக்கு உரிமை இல்லை. அதே இளைஞர் சபைக்குள் வந்தபின் கல்லறைத் தோட்டத்திலும் கல்யாணப் பேச்சிலும் சாதியைச் சந்தித்தால், எந்தப் பிரசங்கியாராலும் அவருக்குச் சமாதானம் சொல்ல முடியாது. இதைச் சரிசெய்யாத சபை வெளியே போய் அறிவிக்கும் செய்தியை அதன் சொந்தக் கல்லறைத் தோட்டமே மறுக்கிறது.

பிறருக்குச் சொல்வது ஊழியக்காரர் வேலை என்ற எண்ணத்துக்கு எதிரான நல்ல முன்மாதிரி இந்த மண்ணிலிருந்தே போனது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். தெலுங்கு கற்று, தெலுங்கு பேசும் பகுதியில் உள்ள தோர்ணக்கல்லுக்குப் போய், 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அங்கே ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் தங்கள் தலையில் கையை வைத்து, ‘நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை அறிவியாதிருந்தால் எனக்கு ஐயோ’ என்று சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்தினார். சொன்னவர்களில் பெரும்பாலோர் எழுதப்படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளர்கள். அவர்கள் மைக் பிடிக்கவில்லை, பக்கத்து வீட்டிலும் வயலிலும் பேசினார்கள்.

நம் சபையாருக்கும் அதற்குப் பயிற்சி கொடுக்கலாம். தன் விசுவாசத்தை மூன்று நிமிடத்தில் சொல்ல ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதட்டும். சபைக்குள் மட்டும் புரியும் சொற்களை அடித்துவிடச் சொல்லுங்கள். பழைய பாவங்களின் நீண்ட பட்டியலையும் மிகைப்படுத்தலையும் அடிக்கச் சொல்லுங்கள். மிச்சம் இருப்பதை முதலில் வீட்டில் உள்ளவர்களிடம் படித்துக்காட்டட்டும். அவர்கள் ‘இது உண்மைதான்’ என்று சொன்னால் வெளியே சொல்லலாம். வேலையாளுக்குக் கூலியைக் குறைத்துக் கொடுப்பவர், மகனுக்கு வரதட்சணை பேசுபவர் ஆகியோரின் தாள் அந்த முதல் வாசிப்பிலேயே நின்றுவிடும். அங்கே நிற்பது நல்லது.

பல ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரங்களின் கமிட்டிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் கூட்டத்துக்கு ஒதுக்கும் தொகையில் பாதியை, கூட்டத்துக்குப் பிந்தைய பன்னிரண்டு மாதங்களுக்கு எழுதுங்கள்: வீடு சந்திக்கப் போகிறவர்களின் பேருந்துக் கட்டணம், எளிய மொழி வேதாகமங்கள், வேதபாடம் நடத்துகிறவர்களுக்கு மாதம் ஒரு நாள் பயிற்சி. சேகரத்துக்கு ஐந்து பேர் கிடைத்தால் போதும், தொடங்கிவிடலாம். அந்த ஐவரும் கிடைக்கவில்லை என்றால், இந்த ஆண்டு பந்தல் போடாமல் அவர்களை ஆயத்தப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
வேதபாட ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை