ஜகதல்பூர் பயணக் கட்டுரை குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் சுற்றுலா இணைப்பில் வந்த ஜகதல்பூர் கட்டுரையில், "அருவி, குகை, ஆதிவாசிகள் என அனைத்தையும் இரண்டே நாளில் பார்த்து முடித்துவிடலாம்" என்றொரு வரி இருக்கிறது. எழுதியவர் அவசரத்தில் எழுதியிருக்கலாம். அது தங்கள் மேசையைத் தாண்டி அச்சுக்குப் போனது எப்படி என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. மனிதர்களைப் பார்த்து முடிக்க எத்தனை மணி நேரம் பிடிக்கும், நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் போட்டிருந்தால், வண்டி பேசுகிறவர்களுக்கு இன்னும் வசதியாக இருந்திருக்கும்.

நான் கும்பகோணத்தில் புளி மண்டி வைத்திருப்பவன். மாசி, பங்குனியில் கொள்முதலுக்காக விசாகப்பட்டினம் போய், அங்கிருந்து கிரந்துல் செல்லும் ரயிலில் அரக்கு மலையேறி ஜகதல்பூரில் இறங்குவது என் தொழிலோடு சேர்ந்த வழக்கம். அந்த ஊரை நான் அறிந்தது அருவி வழியாக அல்ல, சந்தை வழியாக. புளி சற்று ஈரமாக இருக்கிறதென்று நான் விலையைக் குறைத்துக் கேட்டால், கொட்டை எடுத்த கூலியை விரல்விட்டு எண்ணிக் காட்டி, குறைத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பெண்களை அங்கே கண்டிருக்கிறேன். இவர்களைத்தான் தங்கள் கட்டுரை "நாகரிகத்தின் காற்றே படாதவர்கள்" என்கிறது.

சித்திரகோட் அருவிக்குப் போகும் சாலையில் கூடும் வாரச்சந்தை ஒன்றில், சால் இலைத் தொன்னைகளில் சிவப்பெறும்பை முட்டையோடு வைத்து ஒரு பெண் விற்றுக்கொண்டிருந்தார். அரைத்துச் சட்னியாக உண்பதற்கு அது. காரில் வந்திறங்கிய ஒருவர் பத்து ரூபாய்த் தாளை நீட்டி, ஒரு பிடி எறும்பை வாயில் போட்டுக் காட்டும்படி சைகை செய்துகொண்டே கைப்பேசியை அவர் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனார். அந்தப் பெண் தாளை வாங்கிக்கொண்டார். ஒரு தொன்னையை இன்னோர் இலையால் மூடி, நாரால் இறுக்கிக் கட்டி, வந்தவர் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். ஏமாந்தவர் தமிழில்தான் திட்டினார். தங்கள் இணைப்பைப் படித்துவிட்டு வந்தவராகக்கூட இருக்கலாம்.

காற்றுப் படாத மண் என்பதும் தஞ்சைத் தரணியிலிருந்து படிப்பவனுக்கு வேடிக்கையாக இருக்கிறது. முதலாம் ராஜேந்திரன் வென்ற நாடுகளை அடுக்கும் மெய்க்கீர்த்தியில் சக்கரக்கோட்டமும் வருகிறது என்பதும், அது ஜகதல்பூர் இருக்கும் இந்தப் பஸ்தர்ப் பகுதியே என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள் என்பதும் தாங்கள் அறியாததல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சோழப்படை தேடிப் போன நாட்டைத் தங்கள் நிருபர் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார். அதையும் மத்தியப் பிரதேசத்தில் கண்டுபிடித்திருக்கிறார். சத்தீஸ்கர் 2000-ஆம் ஆண்டிலேயே தனி மாநிலமாகிவிட்டது.

தசராவன்று அங்கே ராவணனைக் கொளுத்துவார்கள் என்றும் எழுதியிருக்கிறது. பஸ்தர் தசராவுக்கும் ராவணனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது தந்தேசுவரி அம்மனுக்கு எடுக்கும் விழா. ஆடி அமாவாசையில் நாம் காவிரித் துறையில் எள்ளும் நீரும் இறைக்கும் நாளில், அங்கே தேருக்கான மரத்துக்குப் பூசை போட்டுத் தொடங்குகிறார்கள். பிறகு 75 நாள் நடக்கிறது. ஆண்டுதோறும் மரத்தேரைப் புதிதாகச் செய்து, பல இனத்து மக்களும் வடம் பிடிக்கிறார்கள். திருவாரூர்த் தேரைப் பார்த்து வளர்ந்த வாசகருக்கு இதைச் சொல்லியிருந்தால் உடனே புரிந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுவாமிமலையில் மெழுகில் உருச்செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றினால் தங்கள் இதழ் அதை "உலகம் வியக்கும் சிற்பக்கலை" என்கிறது. ஜகதல்பூருக்கு வடக்கே கொண்டாகாவ் பகுதியில், களிமண் கருவின்மேல் தேன்மெழுகை நூலாக இழுத்து வரிவரியாகச் சுற்றி, மேலே மண் பூசி, அதே முறையில் வார்த்தால் அது "மலிவான கைவினைப் பொம்மை" ஆகிவிடுகிறது. பேரம் பேசி வாங்கும்படி ஆலோசனை வேறு.

பிறரைப் பார்க்கும் இந்தப் பார்வை புதிதல்ல. நீலகிரியில் தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளைத் "தவறவிடக் கூடாத இடங்கள்" வரிசையில் தாங்கள் சேர்த்தபோதும் எழுதினேன். "தங்கள் சுற்றுலா இணைப்பைத் தொடர்ந்து படித்து வருகிறேன்" என்ற முதல் வரியை மட்டும் என் பெயரோடு வெளியிட்டீர்கள்; மிக்க நன்றி. எங்கள் டெல்டாவுக்கு வந்தபோதும், நடவு வயலில் குனிந்திருந்த பெண்களைப் பின்னாலிருந்து படமெடுத்து, பெயர்கூடக் கேட்காமல் "சேற்றில் ஒரு கவிதை" என்று போட்டீர்கள். அந்த இதழ் வந்த சில வாரங்களில், என் மைத்துனர் குறுவைக்கு விட்டிருந்த நாற்றங்காலில் நான்கு பேர் செருப்போடு இறங்கிப் படம் எடுத்தார்கள். மிதிபட்ட நாற்று நிமிரவில்லை.

இவற்றுக்கெல்லாம் தாங்கள் வருத்தம் தெரிவிப்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேட்பது ஒன்றே ஒன்று. ஜூலையில் போனால் அருவியையும் கொடும்சர் குகையையும் ஒருசேரப் பார்க்கலாம் என்று கட்டுரை சொல்கிறது. அருவி அப்போது செம்மண் நிறத்தில் அகன்று கொட்டும் என்பது சரிதான். ஆனால் காங்கேர் தேசியப் பூங்காவில் இருக்கும் அந்தக் குகைக்குள் மழைக்காலத்தில் வெள்ளம் புகுவதால் மூடிவிடுவார்கள். பெரும்பாலும் நவம்பர் வாக்கில்தான் மறுபடி திறப்பார்கள். தங்கள் எழுத்தை நம்பி எங்கள் தெருவிலேயே ஒரு வயதான தம்பதியர் ஜூலைக்கு ரயில் முன்பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே அடுத்த இதழில் இதற்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இக்கடிதத்தை இந்த முறையும் சுருக்குவதாக இருந்தால், குகை பற்றிய வரியையாவது விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்.